சோத்துக்குப் பின்னால் ஒரு கிண்ணம் பழம்



புரூட் சலட் என்றதும் நம் எல்லாருக்கும் ஞாபகம் வருவது கல்யாண வீடும் சடங்கு வீடும்தான். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் சின்னக் கிண்ணத்தில் ஒன்று வரும். அடியிலே நாலு துண்டு பப்பாசி, அதற்கு மேலே சிவப்பு ஜெலி, அதற்கும் மேலே ஒரு கரண்டி ஐஸ்கிறீம். பிள்ளைகள் ஐஸ்கிறீமை வழித்துத் தின்றுவிட்டுப் பழத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கிண்ணத்தில் உடம்புக்குப் பிரயோசனமானது அடியில் கிடக்கிற அந்த நாலு துண்டுதான்.

"அதெல்லாம் விசேசத்துக்குச் செய்யிறதுங்க, நமக்கெங்க கட்டும்" என்று லயத்தில் பல தாய்மார் சொல்கிறார்கள். ஜெலியும் ஐஸ்கிறீமும் வாங்கினால் கட்டாதுதான். பழத்தை மட்டும் சுத்தமாக வெட்டி, கலந்து, பார்க்க ஆசை வருகிற மாதிரி வைத்தால் அதுவும் புரூட் சலட்தான். கானோரத்தில் நிற்கும் கொய்யாவும் சந்தையில் கிடைக்கும் வாழைப்பழமும் போதும். அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதற்கு முன் நம் தோட்டப்பகுதிக்கு இது ஏன் மற்றவர்களை விட அவசியம் என்று சொல்லிவிடுகிறேன்.

இரத்தக் குறைவும் தேத்தண்ணியும்

மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கிளினிக்கில் சொல்கிற குறைகள் பெரும்பாலும் ஒன்றுதான். "ஏத்தம் ஏறினா மூச்சு வாங்குது", "குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணு இருட்டுது", "பச்சரிசி தின்னணும் போல இருக்கு". கண் இமையின் உட்பக்கத்தை இழுத்துப் பார்த்தால் சிவப்பாக இருக்கவேண்டிய இடம் வெளுத்துப் போயிருக்கும். இது இரத்தக் குறைவின் அடையாளம். கர்ப்பிணித் தாய்க்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தக் குறைவு என்று வைத்தியர்கள் கணக்கெடுக்கிறார்கள். தாய்க்கு இரத்தம் இல்லாவிட்டால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கும், நிறை குறைந்து பிறந்த பிள்ளை வளர்வதற்கும் கஷ்டப்படும். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 100க்கு 17 பேர், தோட்டப்பகுதியில் 100க்கு 32 பேர் என்று வந்தது. இதற்கு இரத்தக் குறைவு மட்டும் காரணமில்லை, பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் நம் கையில் இருக்கிற காரணம் ஒன்று உண்டு.

நாம் சாப்பிடுகிற ரொட்டி, சோறு, பருப்பு, கீரை எல்லாவற்றிலும் இரும்புச்சத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் செடி கொடியிலிருந்து வருகிற இரும்பை நம் குடல் இலேசில் ஏற்காது. சாப்பிட்டதில் சொற்ப அளவுதான் இரத்தத்தில் சேரும். அந்தச் சொற்பத்தையும் நாம் என்ன செய்கிறோம்? கை கழுவின கையோடு ஒரு டம்ளர் பிளேன்டி குடிக்கிறோம். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான தனின் என்ற பொருள் வயிற்றுக்குள் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட இரும்பு கரையாது, வெளியே போய்விடும். 1975ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், பாணோடும், சோற்றோடும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்போடும் தேத்தண்ணி குடித்தவர்களுக்கு இரும்பு சேர்வது நன்றாகக் குறைந்தது என்று கண்டார்கள். பாணும் சோறும் உருளைக்கிழங்கும்தானே நம் வீட்டுச் சாப்பாடும்.

நமக்குச் சோறு போடுவதே தேயிலைதான். அதைக் குடிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த இடைவெளியில், சாப்பிட்ட உடனே, பழம் சாப்பிடுங்கள். பழத்திலுள்ள விற்றமின் சீ தனினுக்கு நேர்மாறான வேலை செய்யும். ரொட்டியிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் கரைத்து, குடல் ஏற்கும்படி ஆக்கும். கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரையோடு விற்றமின் சீ மாத்திரையும் சேர்த்துத் தருவது இதற்காகத்தான். சில வீடுகளில் அந்தப் புளிப்பு மாத்திரையைப் பிள்ளைகள் இனிப்பு மாதிரிச் சப்பிவிடுகிறார்கள், கவனம்.

ஆனால் பழமும் தின்று, கூடவே தேத்தண்ணியும் குடித்தால் சமனாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். விற்றமின் சீ இருந்தாலும் தேத்தண்ணி இரும்பைத் தடுத்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. பாலும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். ஆகவே டின் பால், கஸ்டர்ட், ஐஸ்கிறீம் போட்ட புரூட் சலட் விசேசத்துக்கு இருக்கட்டும். அன்றாடம் சாப்பாட்டுக்குப் பின் வெறும் பழமாகவே சாப்பிடுவது நல்லது. இது மாத்திரைக்குப் பதில் அல்ல. மருத்துவிச்சி அம்மா தருகிற மாத்திரையை நிறுத்தாமல் எடுக்கவேண்டும்.

எந்தப் பழம்?

ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அப்பிளும் திராட்சையும்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கப்பலில் வந்த பழம் என்றால் ஒரு மதிப்பு! விற்றமின் சீ கணக்கைப் பார்த்தால் அப்பிள் கடைசியில் நிற்கும். 100 கிராம் அப்பிளில் ஏறக்குறைய 5 மில்லிகிராம்தான் இருக்கிறது. வாழைப்பழத்தில் 9, மாம்பழத்தில் 35, அன்னாசியில் 48, தோடம்பழத்தில் 50, பப்பாசியில் 60. கொய்யாவில் 200க்கும் மேல்! கர்ப்பிணிக்கும் ஒரு நாளைக்கு நூறு மில்லிகிராம் தேவைப்படாது. ஆக, கானோரத்தில் யாரும் கவனிக்காமல் விழுந்து கிடக்கிற ஒரு கொய்யா ஒரு ஆளின் ஒரு நாள் தேவைக்கு மேல் கொடுத்துவிடும்.

உயரத்துக்கு உயரம் கிடைக்கிற பழம் வேறுபடும். நுவரெலியாப் பக்கம் குளிர் கூட. அங்கே பப்பாசி சரியாக வராது, ஆனால் பேரிக்காய், பிளம்ஸ், மரத்தக்காளி, கொடித்தோடை வரும். ஹட்டன், கொட்டகலைப் பக்கம் கொய்யா, பட்டர்புருட், கொடித்தோடை பார்க்கலாம். பப்பாசியும் அன்னாசியும் மாம்பழமும் கீழ்நாட்டிலிருந்து லொறியில் சந்தைக்கு வருகிறது. சம்பளம் போட்ட கிழமையில் ஒரு பப்பாசி, ஒரு அன்னாசி வாங்கலாம். மற்ற நாட்களில் கொய்யா, வாழைப்பழம், தேசிக்காய் மூன்றே போதும். மரத்தக்காளியைத் தோலோடு போட்டால் கசக்கும், சுடுதண்ணியில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்துவிடுங்கள்.

ஐந்து பேருள்ள ஒரு குடும்பத்துக்கு, வசதியான நாளில், இந்த அளவு சரியாக இருக்கும்: பப்பாசி நடுத்தரத்தில் பாதி, அன்னாசி பாதி, கொய்யா 2, வாழைப்பழம் 3, தோடம்பழம் 1, கொடித்தோடை 2, தேசிக்காய் பாதி. ஆளுக்கு ஒரு கிண்ணம் நிறைய வரும். வாழைப்பழம் கோழிக்கூட்டு ஆனால் குழையாமல் நிற்கும். அம்புல், சீனி வாழையும் பரவாயில்லை, அளவுக்கு மீறிப் பழுத்ததாக இருக்கக்கூடாது.

கழுவுவதும் வெட்டுவதும்

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். கறி என்றால் நெருப்பில் வேகிறது, கிருமி செத்துப்போகும். பழத்தைப் பச்சையாகத் தின்கிறோம், கழுவுகிற தண்ணியில் இருக்கிற கிருமி நேரே வயிற்றுக்குப் போகும். பீலித் தண்ணி பார்க்கக் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். ஆனால் மேலே எந்த லயத்துக் கானைத் தொட்டு வருகிறது என்று நமக்குத் தெரியாது. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி எல்லாம் இப்படித்தான் பரவுகிறது. ஆகவே முதலில் பீலித் தண்ணியில் மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு கொதித்து ஆறின தண்ணியில் ஒரு தடவை அலசுங்கள். தோல் உரிக்கிற பழத்தையும் கழுவத்தான் வேண்டும். தோலில் உள்ள அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது.

தண்ணி கொதிக்க வைப்பதில் ஒரு விசயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணி 100 பாகைக்கு முன்னமே, ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கத் தொடங்கிவிடும். குமிழி வந்த உடனே இறக்காமல் மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

வெட்டுகிற கத்தியும் பலகையும் வெங்காயம், கருவாடு வெட்டினதாக இருந்தால் சலட்டிலும் அந்த மணம் ஏறும். சவுக்காரம் போட்டுக் கழுவி, சுடுதண்ணி ஊற்றி எடுங்கள். பழத்துக்கென்று ஒரு சின்னப் பலகை ஒதுக்கி வைத்தால் இன்னும் நல்லது. மருந்து அடித்த கை, உரம் போட்ட கை என்றால் சொல்லவே வேண்டியதில்லை.

முதலில் அன்னாசி. தோலைச் சீவினபின் கண்கள் சரிவான வரிசையில் நிற்கும். அந்தச் சரிவோடு சேர்த்துச் சாய்வாகக் கத்தி போட்டு எடுத்தால் சதை வீணாகாது. நடுத்தண்டை எடுத்துவிடுங்கள். பிறகு கொய்யா, தோலோடு வெட்டுங்கள், சத்து தோலருகில்தான் கூட. சின்னப் பிள்ளைகளுக்கென்றால் விதைப் பகுதியைக் கரண்டியால் தோண்டி எடுக்கவேண்டும். அடுத்தது பப்பாசி. தோடம்பழத்தைச் சுளையாக உரித்து, வெள்ளைத் தோலையும் விதையையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசப்பு முழுச் சலட்டிலும் இறங்கும். வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் கடைசி. துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக, கொண்டைக்கடலையை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஒரு கரண்டியில் நாலு பழமும் சேர்ந்து வரும். ருசியே அதில்தான்.

வாழைப்பழம் ஏன் கறுக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். பெக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. வாட்டின கொழுந்தை உருட்டும்போது இலை நசிந்து சாறு வெளியே வருகிறது, காற்றுப் படுகிறது, கொஞ்ச நேரத்தில் பச்சைக் கொழுந்து செம்பு நிறமாகிறது. இலைக்குள் இருக்கும் ஒரு நொதியம் செய்கிற வேலை அது. வெட்டின வாழைப்பழத்திலும் அப்பிளிலும் பட்டர்புருட்டிலும் அதே வகை நொதியம்தான் அதே வேலையைச் செய்கிறது. பெக்டரியில் அடுப்புச் சூட்டில் அதை நிறுத்துகிறார்கள். நாம் பழத்தை அடுப்பில் வைக்க முடியாது, அதனால் புளியால் நிறுத்துகிறோம். வெட்டின உடனே தேசிக்காய்ச் சாறு பிழிந்து பிரட்டினால் ஒரு மணித்தியாலத்துக்கு நிறம் மாறாது.

எல்லாவற்றையும் ஒரு பேசினில் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, கொடித்தோடையை வெட்டி அதன் சாறை விதையோடு மேலே ஊற்றுங்கள். கையால் பிசையாமல் மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே இரண்டு தரம் புரட்டினால் போதும். மூடி பத்து நிமிடம் வையுங்கள். உப்பு பழத்துச் சாறை இழுத்துவிடும், தனியாகச் சீனிப்பாகு வேண்டியதில்லை. அன்னாசி புளிப்பாக இருந்தால் இரண்டு தேக்கரண்டி சீனி. வளர்ந்தவர்களுக்கு மிளகாய்த்தூளும் உப்பும் தூவி அச்சாறு மாதிரியும் செய்யலாம், என் அபிப்பிராயத்தில் அதுதான் திறம். பட்டர்புருட் போடுவதானால் பரிமாறும்போது மேலே வையுங்கள். முன்னமே கலந்தால் கூழாகிவிடும்.

ஜெலி போட விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பச்சை அன்னாசியையும் பப்பாசியையும் ஜெலிக்குள் போட்டால் ஜெலி உறையாது. இறைச்சியை மெதுவாக்கப் பப்பாசிக்காய் போடுகிறோமே, அதே குணம் ஜெலியையும் கரைத்துவிடும். கடற்பாசியில் செய்த ஜெலிக்கு இந்தக் கரைச்சல் இல்லை. அன்னாசியைத் தயிரோடு கலந்து வைத்தாலும் கசந்துவிடும், சாப்பிடுகிற நேரத்தில்தான் கலக்கவேண்டும்.

குளிர், சூடு என்று

"பழம் தின்னா புள்ளைக்குச் சளி புடிக்குமே அம்மா" என்று கேட்காத லயம் இல்லை. நம் பெரியவர்கள் சூடு, குளிர் பார்த்துச் சாப்பிட்டவர்கள், அவர்கள் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சளி வருவது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற கிருமியால். மழைக்காலத்தில் கதவு சன்னலை அடைத்துவிட்டு ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர், அடுப்புப் புகையும் சேர்ந்து இருந்தால் சளி வராமல் என்ன செய்யும்? பழத்தின் மேல் பழி போடவேண்டாம். பயமாக இருந்தால் காலையில் கொடுக்காமல் மத்தியானம் வெயில் நேரத்தில் கொடுங்கள்.

கர்ப்பிணிகளுக்குப் பப்பாசி கூடாது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. காயிலும் அரைப்பழத்திலும் வடிகிற பால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் காயையும் செங்காயையும் விலக்குங்கள். நன்றாகப் பழுத்த, பால் இல்லாத பப்பாசியை அளவோடு சாப்பிடலாம். அப்படியும் மாமியார் விடமாட்டார் என்றால் அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம், கொய்யா இருக்கிறதே.

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குப் பழத்தை மசித்துக் கொடுக்கலாம். ஒரு வயது வரைக்கும் உப்பும் சீனியும் சேர்க்கவேண்டாம், தேனும் கொடுக்கக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திராட்சையை முழுசாகக் கொடுக்காமல் நீளவாக்கில் பிளந்து கொடுங்கள், தொண்டையில் அடைத்துவிடும். சீனி வருத்தம் உள்ளவர்கள் கொய்யாவைக் கூடவும், மாம்பழம், வாழைப்பழத்தைக் குறைவாகவும் போட்டு, சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

எப்படி வைப்பது

பிள்ளைகள் வாயால் தின்பதற்கு முன் கண்ணால் தின்கிறார்கள். பேசினோடு நடுவில் வைத்தால் பெரியவன் அள்ளிவிடுவான், சின்னது அழும். ஆளுக்கொரு கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள். தன் கிண்ணம் என்றால் பிள்ளை மிச்சம் வைக்காது. சிவப்புப் பப்பாசியை அடியிலும், மஞ்சள் அன்னாசியை நடுவிலும், வெள்ளை வாழைப்பழத்தை அதற்கு மேலும் போட்டு, கொடித்தோடை விதையைக் கறுப்புப் புள்ளி மாதிரித் தெளித்து, ஒரு புதினா இலை குத்தினால் கடையில் தருவதை விட அழகாக இருக்கும். தண்ணி குடிக்கிற கண்ணாடி டம்ளரில் அடுக்கடுக்காகப் போட்டாலும் வெளியே நிறம் தெரியும். அன்னாசியைக் கொண்டையோடு நீளமாகப் பிளந்து, சதையைத் தோண்டி எடுத்து, அந்தத் தோட்டுக்குள்ளேயே சலட்டைப் போட்டு வைக்கலாம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இது ஒன்றே போதும். பிள்ளை மடுவத்தில் நாங்கள் பிள்ளைகளிடமே வாழைப்பழத்தை உரிக்கக் கொடுக்கிறோம். தானே செய்ததை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

சடங்கு, பிறந்தநாள் என்று 100 பேருக்குச் செய்வதானால் பப்பாசி 5 கிலோ, நடுத்தர அன்னாசி 6, கொய்யா 2 கிலோ, வாழைப்பழம் 2 கிலோ, தேசிக்காய் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குச் சின்னக் கிண்ணம் ஒன்று வரும். முதல்நாள் இரவே வெட்டி வைக்கிற பழக்கம் வேண்டாம். வெட்டின பழம் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பந்தி தொடங்கும்போது வெட்ட ஆரம்பித்தாலே நேரம் சரியாக இருக்கும். நாலு பேர் உட்கார்ந்தால் அரை மணித்தியால வேலை. ஈ மொய்க்காமல் மூடி வைக்கவேண்டும்.

வீட்டில் செய்தது மிஞ்சினால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். குளிரூட்டி இல்லாத காம்பராவில் நாளைக்கு என்று வைத்தால் புளித்துவிடும். தோல்களைக் கானில் எறியாமல் மரக்கறித் தோட்டத்துக் குழியில் போடுங்கள். கொடித்தோடை விதையில் நாலைந்தைச் சாப்பிடாமல் எடுத்து, சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒரு பால்மாப் பையில் மண் நிரப்பி ஊன்றி வையுங்கள். பையின் அடியில் ஓட்டை போட மறக்கவேண்டாம். ஒரு சாண் வளர்ந்ததும் வேலியோரம் நட்டுப் பந்தல் போட்டால், ஒரு வருசம் ஒன்றரை வருசத்தில் காய்க்கத் தொடங்கும்.